கிரில்லுக்குப் பூட்டு எதுக்குடி?

பெங்களூரு பசவனகுடி வீட்டு பேஸ்மென்ட்டைக் காலி பண்ணி, பையன் படிக்கிறதுக்குச் சுவரை உடைச்சு ஜன்னல் வைக்கப் போறேன்னு நேத்து போன்ல சொன்னே. காத்தும் வெளிச்சமும்தான் உன் கவலை. என் கவலை, வேற வழி அடைச்சுப்போனா அந்த ஜன்னல் வழியா அவன் ஏறி வெளியே வர முடியணுமேங்கிறதுதான். 2024 ஜூலை 27, டெல்லி பழைய ராஜேந்திர நகர்ல ஒரு கோச்சிங் சென்டரோட அடித்தள நூலகத்துக்குள்ள மழைத்தண்ணி புகுந்து மூணு பிள்ளைங்க உயிர் போச்சே, மறந்துட்டியா?

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். விதிப்படி பேஸ்மென்ட் முக்கியமா வண்டி நிறுத்தவும் சாமான் போடவும்தான். ஜன்னல் வச்சதால அது படுக்கையறை ஆயிடாது. அவன் அங்கே படிக்கட்டும், ஆனா ராத்திரி படுக்க மேல வந்துடணும்.

அளவை மேஸ்திரி கையில விடாதே. அமெரிக்க வீட்டு விதியில, திறந்தா கிடைக்கிற இடைவெளி பொதுவா 5.7 சதுர அடி இருக்கணும், அகலம் 20 அங்குலத்துக்கும் உயரம் 24 அங்குலத்துக்கும் குறையக் கூடாது, அடிக்கட்டை தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. அகலம், உயரம் ரெண்டையும் குறைஞ்சபட்சமாவே வச்சா 3.3 சதுர அடிதான் வரும், ஏமாந்துடாதே. இரண்டரைக்கு இரண்டரை அடி வை. நம்ம ஊர்ல எல்லாரும் தலையில கட்டுற ஸ்லைடிங் ஜன்னல் வேண்டாம், அதுல பாதிதான் திறக்கும். கதவு மாதிரி உள்பக்கம் திறக்கிறதா வாங்கு.

உங்க சுவர் சைஸ் கல்லு, ஒண்ணரை அடி கனம். சம்மட்டி எடுத்து அடிக்க விட்டா பழைய காரை உதிர்ந்து மேல இருக்கிற கல்லும் இறங்கிடும். டைமண்ட் பிளேடு வச்சு அறுக்கச் சொல்லு. அதுக்கு முன்னாடி மேல்தளத்துக்கு ஜாக்கி முட்டு நிக்கணும். லிண்டலை ஒரேயடியா நுழைக்காம, சுவர் கனத்துல பாதிக்கு முதல்ல ஒண்ணு போட்டு, அது இறுகினப்புறம் மறுபாதிக்கு இன்னொண்ணு போடணும். ரெண்டு பக்கமும் அரை அடியாவது சுவர்ல உட்காரணும். மூலைக்கும் குறுக்குச் சுவருக்கும் பக்கத்துல வேண்டாம். எங்கே உடைக்கறதுன்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேர்ல வந்து குறி போடட்டும். அந்தக் காசுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே.

காவேரித் தண்ணி சம்ப் எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு, மழைநீர்க் குழியையும் பாரு. அதுங்க இருக்கிற பக்கத்துச் சுவர்ல கையே வைக்காதே.

ஜன்னல் தரைமட்டத்துக்குக் கீழே வர்றதால, அதுக்கு முன்னாடி வெளியே ஒரு குழி தோண்டணும். அது சுவர்லருந்து மூணு அடி வெளியே நீண்டு, 9 சதுர அடிக்குக் குறையாம இருக்கட்டும். 44 அங்குலத்துக்கு மேல ஆழம்னா ஏணிப்படி பதிக்கணும். குழியோட விளிம்பு தரையைவிட அரை அடியாவது உயரணும், இல்லேன்னா அக்டோபர் மழை முழுக்க அந்த ஜன்னல் வழியாத்தான் இறங்கும். அடியில ஜல்லி போட்டுத் தண்ணி போக வழி விடு, ஆனா தெருச் சாக்கடையோட சேர்க்காதே. அது எதிர்த்து வரும். பிளக் பாயின்ட் எல்லாம் உயரத்துல இருக்கட்டும். 2025 மே மழையில பிடிஎம் லேஅவுட்ல ஒரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் தண்ணியை வெளியேத்தப் போய் ரெண்டு பேர் ஷாக் அடிச்சுப் போயிட்டாங்க. தண்ணி ஏறினா மேல மெயினை அணைச்சுட்டுத்தான் கீழே எட்டிப் பார்க்கணும்.

இனி கிரில். எங்க வீட்டுல வெல்டர் முதல்ல அசையாத கிரில்லையே வச்சுட்டுப் போயிட்டார். சண்டை போட்டுக் கீல் வைக்கச் சொன்னேன். வச்சார், பூட்டோட! சாவி மேல பூஜை அறை ஆணியில தொங்குச்சு. திருடனுக்குப் பயந்து பிள்ளையை உள்ள வச்சுப் பூட்டுவியா? உள்ளேருந்து கையாலேயே திறக்கிற தாழ்ப்பாள் போதும். குழி மேல மூடி போட்டா அதுவும் உள்ளேருந்து தூக்கினா திறக்கணும்.

வேலை முடிஞ்ச அன்னிக்கு லைட்டை அணைச்சுட்டு மாப்பிள்ளையை முதல்ல ஏறச் சொல்லு. அந்தத் தொப்பை வெளியே வந்துட்டா மேஸ்திரிக்கு மிச்சக் காசைக் குடு.