சத்திரசிகிச்சை என்னுஞ் சொல்

நெடுந்தீவிலே நாம் பாடஞ் சொல்லிவந்த காலத்து நிகழ்ந்ததொன்றை முதற்கண் கூறுதும். நம் மாணாக்கனொருவனின் பாட்டியாரைச் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும்படி வைத்தியர் சீட்டெழுதிக் கொடுத்தார். அவ்வீட்டில் எழுத்து வாசிப்பவன் அச்சிறுவனே. அவன் சீட்டைப் பார்த்து, "பட்டணத்துச் சத்திரத்திலை இருத்தி மருந்து குடுப்பினமாம், ஆச்சி" என்று சொல்லிவிட்டான். அம்மூதாட்டியார் மாவிலித்துறையில் வள்ளமேறிக் குறிகட்டுவானை அடையுமட்டும் தம்முடம்பிற் கத்தி படப்போவதை அறிந்திலர். துறையிலே அயலவரொருவர் சொல்ல அறிந்து, அடுத்த வள்ளத்திலே திரும்புவேனென்று அங்கேயே இருந்துவிட்டார். மகள் நெடுநேரம் மன்றாடிய பின்பே பேருந்தேறினார். பிள்ளை பொய் சொன்னானல்லன். சொற்பொருள் கற்பியாத பிழை நம்முடையது.

இச்சொல்லில் வரும் சத்திரம் யாது? அறுத்தற் பொருளதாகிய 'சஸ்' என்னும் வடமொழித் தாதுவினின்றும் பிறந்த 'சஸ்திரம்' என்பதே தமிழிற் சத்திரமாயிற்று. கத்தி முதலிய கூரிய கருவி என்பது பொருள். சுசுருத சங்கிதை வைத்தியனுடைய கருவிகளை இருவகைப்படுத்தி, பற்றவும் இழுக்கவும் உதவும் இயந்திரங்கள் 101 எனவும், வெட்டவும் கீறவும் உதவும் சத்திரங்கள் 20 எனவும் கூறும். அன்னதானஞ் செய்யுஞ் சத்திரம் வேறு. அது வேள்வியைக் குறித்த சொல்லின் வழிவந்தது. குடையைக் குறிக்குஞ் சத்திரம் பின்னும் வேறு. வடமொழியிலே இம்மூன்றும் மூவேறு எழுத்தாற் றொடங்குவன. தமிழில் ஒரே சகரம் பெற்றமையால் ஓருருவாயின.

மாணாக்கர் 'சாத்திரசிகிச்சை' என நெடிலிட்டெழுதுதலும் உண்டு. மெய்கண்ட சாத்திரம் பதினான்கினையும் மனனஞ் செய்த பிள்ளைக்குச் சாத்திரம் பழகிய சொல்லாதலின், கை தானே அவ்வழிச் செல்லும். சாத்திரம் கற்பித்தற் பொருளதாகிய 'சாஸ்' என்னுந் தாதுவின் வழியது. ஒரு காலெழுத்து வெட்டுங் கருவியைக் கற்பிக்கும் நூலாக்கிவிடும்.

இனி, இடையிலே சகரவொற்று மிகுமோவெனின், மிகாமையே வழக்கு. மரக்கிளை என்புழிப்போல மகரங்கெட்டு வல்லினம் மிகவேண்டுமெனச் சிலர் வாதிப்பர். தேசபக்தி, குணதோஷம் என்பனபோல இஃது வடமொழித் தொடராகலின் இயல்பாய் நின்றது. யாழ்ப்பாண நகரத்துச் சத்திரச்சந்தியோ ஒற்று மிக்கே நிற்கின்றது. ஓரொற்றினாலே தங்குமிடமும் கத்தியும் வேறுபடக் காண்டல் வகுப்பிலே பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கையாகும்.

சிகிச்சை என்பது அறிய விரும்புதல் என்னும் பொருளடியாகப் பிறந்து, நோயை நாடியறிந்து தீர்த்தலைக் குறித்தது. உற்சவம் என்பதைப்போலச் சிகிற்சை என்றெழுதுவாருமுளர். அதனைப் பிழையென்று வெட்டுதல் வேண்டா.

மானிப்பாயில் 1848 முதல் வைத்தியங் கற்பித்த கிறீன் என்பவர் இச்சொல்லை நூற்பெயராக்காது, 1867இல் வெளிவந்த தமது மொழிபெயர்ப்புக்கு 'இரணவைத்தியம்' எனப் பெயரிட்டார். பாதிரிமார் கூட்டத்தவராயினும் தமிழாற் கற்பிக்கத் துணிந்த அவர் முயற்சியை நாம் மெச்சாதிருத்தல் முறையன்று. அவ்விரணம் புண்ணைக் குறிக்கும் 'வ்ரண' என்பதன் சிதைவு. போரைக் குறிக்கும் இரணம் பிறிதொன்று. முன்னையதற்கு முதலிலே வகரங் கெட்டது. பின், ரகரம் மொழிக்கு முதலாகாமையின் இரண்டற்கும் இகரம் முன்வந்தது.

தமிழ்நாட்டார் அறுவை சிகிச்சை என்பர். சித்த வைத்தியத்துப் புறமருந்துகள் 32இனுள்ளும் அறுவை ஒன்று. வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் நோயாளன் கொள்ளுங் காதலைக் குலசேகராழ்வார் உவமை கூறினமையால் அறுத்தலென்னும் வழக்கின் பழைமையும் விளங்கும். எனினும் அறுவை பழந்தமிழிலே ஆடைக்கும் பெயர். சங்கப் புலவராகிய மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவரேயன்றி வைத்தியரல்லர். ஒரு மாணாக்கன் அவரைச் சத்திரவைத்தியராக்கி எழுதிய விடைத்தாள் நம்மிடம் இன்றும் உண்டு.

ஈழத்து வைத்தியசாலைப் பலகைகளிற் சத்திரசிகிச்சை என்றே எழுதியிருத்தலால், நம் பிள்ளைகள் அதனையே பிழையற எழுதவும் பொருளறியவும் வேண்டும். சொல்வதெழுதல் பாடத்திலே சாத்திரம், சத்திரச்சந்தி, சத்திரசிகிச்சை மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லி எழுதுவித்து, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்துக் காட்டச் செய்க. வீட்டிலுள்ள முதியோருக்கு எப்படிச் சொல்வாயென்றுங் கேட்க. அன்று அச்சிறுவன் "ஒப்பரேசன்" என்றிருப்பானாயின் அவ்வாச்சி நெடுந்தீவிலேயே விளங்கிக்கொண்டிருப்பார்.