உள்ளத்தில் பட்ட காயம்

மருத்துவ நூல்களில் அடிக்கடி வரும் 'ட்ரௌமா' என்பது ஒரு கிரேக்கச் சொல். காயம் என்பதே அதன் பொருள். நெடுங்காலம் அது உடலில் பட்ட காயத்தை மட்டுமே குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மருத்துவர்கள் அச்சொல்லை மனத்திற்கும் பயன்படுத்தத் தொடங்கினர். தமிழில் அதை உளக்காயம் எனலாம்.

துன்பம் எல்லோருக்கும் வருகிறது. ஆனால் எல்லாத் துன்பமும் உளக்காயம் ஆகிவிடுவதில்லை. சாதாரணத் துயரம் நாளடைவில் ஒரு பழைய நினைவாக மாறிவிடுகிறது. உளக்காயத்திலோ, நடந்து முடிந்தது முடிந்ததாகவே தோன்றுவதில்லை. ஒரு கனவில், ஓர் ஓசையில், ஒரு வாசனையில் அது இப்போதே நடப்பதுபோல் மீண்டும் எழுகிறது. உடல் நடுங்குகிறது, உறக்கம் போகிறது, மனிதர்களை விட்டு விலகத் தோன்றுகிறது.

இத்தகையவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? 'மறந்துவிடு, காலமே மருந்து' என்கிறார் ஒருவர். 'உள்ளே வைத்துக்கொள்ளாதே, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடு' என்கிறார் மற்றொருவர். இருவருமே அன்பினால்தான் சொல்கிறார்கள். கடந்த நூறு ஆண்டுகளில் மருத்துவமும் இந்த இரு வழிகளிலும் சென்று பார்த்தது, இரண்டிலும் தவறியது, தவறியபின் கற்றது. அந்த வரலாறு நமக்கும் ஒரு பாடமாகும்.

மறக்கச் சொன்ன காலம்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. உடலில் காயம் எதுவுமின்றியே பல வீரர்கள் பேச்சையும் பார்வையையும் நினைவாற்றலையும் இழந்தார்கள். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் இந்நிலையை 'லான்செட்' இதழில் விவரித்தார். வெடிகுண்டின் அதிர்ச்சி மூளையைப் பாதித்திருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. குண்டு வெடித்த இடத்தின் அருகிலேயே செல்லாதவர்களுக்கும் அதே அறிகுறிகள் தோன்றியபோது அந்த விளக்கம் போதாது என்பது தெரிந்தது.

உடனே எழுந்தது, 'இவர்கள் கோழைகள்' என்ற தீர்ப்பு. போர்முனையிலிருந்து ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்றவர்களுள் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. இவர்களுள் சிலரேனும் உளக்காயத்திற்கு ஆளானவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். லண்டனில் லூயிஸ் யெல்லண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த வீரர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்தார். பேச்சு திரும்பியது. ஆனால் அதைப் பறித்த துயரம் எதுவென்று அந்தச் சிகிச்சை கேட்கவில்லை. இரக்கமுள்ள மருத்துவர்கள்கூட, 'நடந்ததை நினைக்காதே' என்றே அறிவுரை கூறினர்.

கேட்கத் தெரிந்த மருத்துவர்

இதற்கு மாறாக நடந்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். தமிழ் வாசகர்களுக்கு இவர் முற்றிலும் அந்நியர் அல்லர். 1901-02-இல் நீலகிரிக்கு வந்து தோடர் மக்களின் வாழ்வை ஆராய்ந்து, 1906-இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டவர் இவரே. போர்க்காலத்தில் எடின்பரோ அருகிலுள்ள கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில், மனம் கலங்கிய ராணுவ அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். 1917 டிசம்பரில் அவர் வாசித்த ஒரு கட்டுரையில் வரும் இரு நிகழ்ச்சிகள் சிந்திக்கத் தக்கவை.

ஓர் இளம் அதிகாரி தம் நண்பரைத் தேடிச் சென்றபோது, குண்டினால் சிதறிய அவரது உடலைக் கண்டார். அதன்பின் இரவுதோறும் அதே காட்சி கொடுங்கனவாக வந்தது. பகலில் அதை மறக்க முயலும்படி அவருக்கு அறிவுரை கூறப்பட்டிருந்தது. ரிவர்ஸ் அவரை மறக்கச் சொல்லவில்லை. நடந்ததை முழுவதும் கேட்டார். பிறகு, உடல் அவ்வளவு சிதைந்திருந்ததே நண்பர் அக்கணமே இறந்தார், நெடுநேரம் துடிக்கவில்லை என்பதற்குச் சான்று அல்லவா என்று எடுத்துக்காட்டினார். இந்த எண்ணத்தை அதிகாரியின் மனம் பற்றிக்கொண்டது. பல இரவுகள் கனவு வரவில்லை. பின்னர் வந்த கனவில் அவர் நண்பரின் உடலருகே மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்ப வேண்டிய பொருட்களை எடுத்தார். விழித்தபோது திகில் இல்லை. நண்பரை இழந்த துயரம் மட்டுமே இருந்தது.

மற்றொரு அதிகாரியின் அனுபவம் வேறு. அதன் கோரத்தைத் தணிக்கக்கூடிய எதையும் ரிவர்ஸால் அதில் காண இயலவில்லை. அவர் ஏதேனும் ஒரு சமாதானத்தைக் கற்பித்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ராணுவத்தை விட்டு, முன்பு அமைதி அளித்த கிராமப்புற வாழ்வுக்குத் திரும்புமாறு அவருக்கு வழிகாட்டினார். தம் முறை எங்கே செல்லாது என்பதையும் மறைக்காமல் எழுதினார். உண்மையான ஆறுதல் பொய்யை நாடாது.

பேசச் சொன்ன காலம்

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும், வன்முறைக்கு ஆளான பெண்களும், அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களும் தொடர்ந்து முயன்றதன் பயனாக, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இந்நிலையை ஒரு தனி நோயாக ஏற்றது. அதன்பின் ஊசல் மறுபுறம் சென்றது. விபத்தோ பேரிடரோ நேர்ந்த சில நாட்களிலேயே பாதிக்கப்பட்டவர்களை அமரவைத்து, நடந்ததையும் உணர்ந்ததையும் விவரிக்கச் செய்யும் முறை 1980-களில் பரவியது.

நோக்கம் நல்லதே. விளைவு என்ன? தீக்காயம் பட்டவர்களிடம் நடத்தி 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், பதின்மூன்று மாதங்களுக்குப் பின், இவ்வாறு பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு உளக்காய நோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதத்தினருக்கே இருந்தது. 2002-இல் பல ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த வல்லுநர்களும், ஒரே அமர்வில் பேசவைப்பது நோயைத் தடுப்பதில்லை, தீங்கும் செய்யக்கூடும் என்று முடிவு கூறினர்.

இன்றைய வழி

ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992-இல் எழுதிய நூலில் குணமாதலின் மூன்று படிகளைக் காட்டினார். முதலாவது பாதுகாப்பு, அடுத்தது, நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காப்பது, மூன்றாவது, மீண்டும் மனிதர்களோடும் வாழ்வோடும் இணைவது. முதற்படியில் கால் ஊன்றாமல் இரண்டாம் படிக்கு இழுப்பது தவறு.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி தாக்கியபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலருடைய உடல்கள் சடங்கு எதுவுமின்றி ஒரே குழியில் புதைக்கப்பட்டன. உயிர் பிழைத்தவர்களுக்கு உணவு, இருப்பிடம், காணாமற்போன உறவினரைப் பற்றிய செய்தி ஆகியனவே முதல் மருந்தாயின. இறந்தோருக்காகக் கூடி அழவும் வழிபடவும் கிடைக்கும் வாய்ப்பும் மருந்தே. பேரிடர் காலங்களுக்காக ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி இதையே வலியுறுத்துகிறது. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் 'பார், கேள், இணை' என்ற மூன்று சொற்களில் மனத்திற்கான முதலுதவியைச் சுருக்கித் தந்தது. பேச வற்புறுத்தாதே என்பதும் அதன் விதி.

அப்படியானால் நினைவை எதிர்கொள்ளவே வேண்டாமா? வேண்டும். பெரும்பாலோர் உற்றார் துணையால் தாமாகவே தேறிவிடுகின்றனர். ஒரு மாதத்திற்கு மேலும் துன்பம் நீடித்தால் பயிற்சி பெற்றவரின் உதவி தேவை. அவர் பல அமர்வுகளில், நோயாளியின் சம்மதத்துடன், தாங்கும் அளவறிந்து, சிறிது சிறிதாக அந்த நினைவின் அருகே அழைத்துச் செல்கிறார். இத்தகைய சிகிச்சைகள் நல்ல பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

நாம் செய்யத் தக்கவை

துயருற்றவர் பேசினால், இடைமறிக்காமல் கேட்போம். பேசாவிட்டால், அருகில் இருப்போம். 'எல்லாம் நன்மைக்கே' என்று அவசரப்பட்டுத் தத்துவம் கூறாமல் இருப்போம். 'கண்களை மூடித் தியானம் செய், சரியாகிவிடும்' என்று எல்லோரிடமும் சொல்வதும் பொருந்தாது. உளக்காயம் பட்ட சிலருக்கு, கண்களை மூடிய அமைதியிலேயே அந்தக் கோர நினைவுகள் பெருக்கெடுக்கும். அவர்கள் முதலில் கண்களைத் திறந்தபடியே நடப்பதும், கைவேலை செய்வதும், நம்பிக்கையானவருடன் இருப்பதும் நலம். மருத்துவ உதவி வேண்டுமெனில், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

புண்ணை மூடி மறைத்தால் உள்ளே சீழ் பிடிக்கும். ஓயாமல் கிளறினால் ஆறாது. தூய்மையும் பாதுகாப்பும் கிடைக்கும்போது உடலே அதை ஆற்றுகிறது. மனமும் அவ்வாறே. ஆற்றும் சக்தி துயருற்றவரிடமே இருக்கிறது. அதற்கு வேண்டிய இடத்தையும் காலத்தையும் அளிப்பதே நம் தொண்டு. அடுத்த முறை ஒருவர் கலங்கி நம்முன் வந்து அமரும்போது, என்ன சொல்லலாம் என்று தேடுவதற்கு முன், கேட்க நாம் தயாரா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.