பரம்பரையும் சூழ்நிலையும்: இளைஞரின் போதைப் பழக்கம்

ஒரு மாணவனின் தந்தை குடிப்பவர் என்று அறிந்தவுடன், "இவனும் அவ்வழியே செல்வான்" என்று கூறிவிடுவது நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை? இதனை அறிதல் ஆசிரியர்க்கும் கிராம ஊழியர்க்கும் இன்றியமையாதது. நாம் நம்புவதைப் பொறுத்தே அம்மாணவனிடம் நடந்துகொள்வோம் அன்றோ?

பரம்பரையின் பங்கையும் சூழ்நிலையின் பங்கையும் பிரித்தறிய விஞ்ஞானிகள் இரட்டையரை ஆராய்கின்றனர். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தோர்க்கு ஜீன்கள் ஏறத்தாழ முற்றிலும் ஒன்றே. இரு கருக்களினின்று பிறந்தோர், மற்ற உடன்பிறந்தாரைப் போலவே, சராசரியாகப் பாதியளவே ஜீன்களில் ஒத்திருப்பர். ஒரு பழக்கத்தில் முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட மிகுதியாக ஒத்திருப்பின், அங்கே பரம்பரையின் செல்வாக்கு உண்டு எனலாம். இரு வகையினரும் ஏறத்தாழச் சம அளவில் ஒத்திருப்பின், அவர்கள் பகிர்ந்துகொண்ட வீடும் தெருவும் பள்ளியுமே முக்கிய காரணமாகும்.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் ஆண் இரட்டையரைக் கொண்டு நடத்தப்பெற்ற ஓர் ஆராய்ச்சி 2008-ல் வெளியாயிற்று. குமரப் பருவத் தொடக்கத்தில் மது, புகையிலை, கஞ்சா ஆகியவற்றின் உபயோகத்தைப் பெரிதும் நிர்ணயிப்பவை குடும்பமும் சமூகச் சூழ்நிலையுமே என்றும், வயது ஏற ஏற இவற்றின் பிடி தளர்ந்து பரம்பரையின் பங்கு வளர்கிறது என்றும் அது காட்டிற்று.

பரம்பரை வேலை செய்யும் முறைக்குப் புகையிலை ஓர் எடுத்துக்காட்டு. உடலிற் சேர்ந்த நிகோடினைக் கல்லீரலிலுள்ள ஒரு நொதி சிதைக்கிறது. ஜீன் வேறுபாட்டால் இந்நொதி சிலரிடம் மெதுவாக இயங்கும். அத்தகையோர் பொதுவாகக் குறைவாகவே புகைக்கின்றனர். ஆனால், முதற் பீடியை ஒருவன் கையிற் கொடுக்கும் ஜீன் எதுவுமில்லை. அதனைக் கொடுப்பவன் தோழன். விற்பது அருகிலுள்ள கடை.

நம் நாட்டிலும் சூழ்நிலையின் வலிமையைக் காண்கிறோம். அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, பசை, கரைப்பான் போன்றவற்றை முகரும் பழக்கம் 10 முதல் 17 வயதினரிடையே 1.17 சதவிகிதம், பெரியோரிடையே 0.58 சதவிகிதமே. சிறுவரிடையே இது மிகுந்திருப்பதற்கு ஜீன் காரணமன்று. மலிவான விலையில், எளிதிற் கிடைக்கும் பொருள்கள் இவை.

குடிக்கும் தந்தை தம் மகனுக்கு ஜீனை மட்டும் அளிப்பதில்லை. வீட்டிற் புட்டியையும் கலகத்தையும் சேர்த்தே அளிக்கிறார். முன்னதை நாம் மாற்ற இயலாது. பின்னதன் கொடுமையைக் குறைக்க இயலும். ஆகவே,

1. குடும்பத்தைச் சுட்டி எந்த மாணவனையும் இகழலாகாது. அவனுக்கே நம் துணை மிகுதியாக வேண்டும்.

2. முதல் உபயோகத்தை இயன்றவரை தள்ளிப்போடச் செய்வதே இளம்பருவத்தில் நம் குறிக்கோள். விளையாட்டும் மாலை வகுப்பும் இதற்கு உதவும்.

3. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்திற்குள்ளும், 18 வயது நிரம்பாதவர்க்கும் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பள்ளியின் சுற்றுப்புறத்தைப் பார்வையிடுக.

4. பழக்கத்திற்கு ஆளானவனைத் தண்டித்து வெளியேற்றாமல் சிகிச்சைக்கு அனுப்புக. 14446 என்ற தேசிய தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

பரம்பரை விதியன்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் எதிர்காலத்தில் பெரும்பகுதி அவனைச் சூழ்ந்திருப்போர் கையிலேயே உள்ளது. அவர்களுள் ஆசிரியரும் ஒருவர்.