கதிரியக்கம்: தொலைவு ஆய்வகமும் தாயக் கொட்டையும்

பத்தாம் வகுப்பு ‘அணுக்கரு இயற்பியல்’ பாடத்தைப் பெரும்பாலும் கரும்பலகையோடு முடித்துவிடுகிறோம். கதிரியக்க மூலத்தைப் பள்ளி அலமாரியில் வைக்க இயலாதே!

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வழி கண்டது. ஸ்ட்ரான்சியம்-90 மூலமும் கெய்கர் எண்ணியும் அங்கே இருந்தன. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் இணையவழியில் தூரத்தையும் நேரத்தையும் குறித்து அனுப்பினார்கள். கருவி நகர்ந்து எண்ணி, விடையைத் திருப்பி அனுப்பியது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சில கதிரியக்க வேதியியலுக்கும் இம்முறையைக் கையாண்டுள்ளன.

தூரம் இருமடங்கானால் எண்ணிக்கை ஏறத்தாழக் கால் பங்காகும். எனக்குப் பிடித்தது அதுவல்ல. ஒரே தூரத்தில் இருமுறை எண்ணினால் இரு வேறு எண்கள் வரும். கருவியின் கோளாறன்று, எந்த அணுக்கரு எப்போது சிதையும் என்று சொல்ல முடியாது. பாடநூலின் வழவழப்பான வளைகோட்டில் இது தெரிவதில்லை.

ஆரணியில் என் வகுப்பில் இதைப் புளியங்கொட்டையால் காட்டுகிறேன். தாயத்துக்குத் தேய்ப்பதுபோல் ஒருபக்கம் தேய்த்த 100 கொட்டைகள். குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலே விழுந்தவற்றைச் ‘சிதைந்தவை’ என விலக்கி, மிஞ்சியவற்றை எண்ணி மீண்டும் போட வேண்டும். புட்டா வடிவத்தைக் கட்டத்தாளில் பார்த்து வளர்ந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், வரைபடத்தில் புள்ளி வைப்பதில் கெட்டிக்காரர்கள்.

தேய்த்த கொட்டை சரிபாதியாக விழாது. ஆகவே ஒரு வீச்சுதான் அரை ஆயுட்காலம் என்று முன்பே சொல்லிவிடாதீர்கள். 100 என்பது 50 ஆகும் இடத்தை மாணவரே வரைபடத்தில் காணட்டும். ஐந்தாறு கொட்டைகள் மிஞ்சும்போது கோடு தடுமாறும். அங்கே நிறுத்திக் கேளுங்கள்: “அடுத்து எந்தக் கொட்டை?”