வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் அந்த அரை மணி நேரம்

தாப்பாவில் குடியிருந்து ஈப்போவில் வேலை பார்ப்பவர்களுக்குப் போகவரச் சுமார் 120 கிலோமீட்டர். இரவு ஏழு மணிக்கு ஆயா வீட்டிலிருந்து பிள்ளையைக் கூட்டி வந்தால், வாசலிலேயே ரகளை தொடங்கிவிடும். காலணி ஒரு பக்கம் பறக்கும், பை ஒரு பக்கம். பிள்ளைக்கும் பசி, அசதி. நாள் முழுக்க உங்களைத் தேடிய ஏக்கம் வேறு.

முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: அடம் எத்தனை மணிக்கு வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அடம் பிடித்துப் பிள்ளை எதைப் பெற்றது? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் குட்டு வெளிப்படும். அழுதால் கைப்பேசி கிடைக்கிறது என்றால் நாளையும் அழத்தான் செய்யும்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் துணைநின்று உருவான பெற்றோர் பயிற்சித் திட்டம் மலேசியாவில் ‘நாவுங்ஙான் காசே’ என்ற பெயரில் நடக்கிறது. இத்தகைய பயிற்சிகளில் கண்டிப்பு கடைசியில்தான் வரும். பிள்ளையோடு தனியாகச் செலவிடும் நேரம் முதலில். ஆகவே வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிடம் கைப்பேசியைத் தொடாதீர்கள், சமையலறைப் பக்கமும் போகாதீர்கள். என்ன விளையாடலாம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். பசிக்கு ஒரு வாழைப்பழம் காரிலேயே இருக்கட்டும்.

“எறியாதே” என்று கத்துவதைவிட, “காலணியை இந்தத் தட்டில் வை” என்று பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். வைத்தவுடன், “சொன்னதும் வைத்துவிட்டாயே!” என்று பாராட்டுங்கள். “நல்ல பிள்ளை” என்று பொதுவாகச் சொன்னால் எதற்குப் பாராட்டு என்றே அதற்குப் புரியாது. சிணுங்கலைக் கண்டுகொள்ளாதீர்கள், அடித்தாலோ கடித்தாலோ மட்டும் உடனே தடுங்கள். ரோத்தான் பிரம்படி அந்த நேரத்துக்கு அடக்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அது கற்றுத்தராது.

இதைத் தாத்தா பாட்டியிடமும் ஆயாவிடமும் பேசி வையுங்கள். நீங்கள் மறுத்த மிட்டாயைப் பாட்டி கொடுத்துவிட்டால் திட்டம் அன்றே முடிந்தது.

பேச்சு தாமதமாக வருகிறது, பாலர் பள்ளியிலும் அடம் பிடிப்பதாகப் புகார் என்றால் அரசு சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள். கை மீறிப்போகும் என்று பயம் வந்தால் தாலியான் காசே உதவிச் சேவையின் 15999 எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

முன்பு தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது, லயத்தில் பத்துப் பேர் கண் வைத்திருந்தார்கள். இன்று அடுக்குமாடியில் யார் இருக்கிறார்கள்? ஆகவே வேலையிடத்திலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 60P பிரிவின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித்தரும்படி முதலாளிக்கு எழுதிக் கேட்கலாம். அவர் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கட்டாயம் தந்தாக வேண்டும் என்பதில்லை. அதனால் “குடும்பச் சூழல்” என்று மொட்டையாக எழுதாமல், “காலை ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, மாலை ஐந்துக்குக் கிளம்புகிறேன்” என்று கணக்கோடு எழுதுங்கள். தேதி போட்டு, நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.