மூக்குக் குழாயும் பெற்றவள் சொல்லும்

2017ஆம் ஆண்டு ஆடி மாதம். மாஹிமில் எங்கள் வீட்டில் விடியற்காலை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, குடத்தோடு சாய்ந்துவிட்டார்கள். பக்கவாதம். வயது 78. இடது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறி அரை மயக்கமாகக் கிடந்தார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "அம்மாவால் விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுங்கள்" என்றார். எனக்குக் கை வரவில்லை. எங்கள் கட்டடத்திலேயே ஒரு பெரியவர் அந்தக் குழாயோடு இரண்டு வருஷம் நினைவில்லாமல் படுத்திருந்ததைப் பார்த்தவன் நான். திருநெல்வேலியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்து, "வேண்டாம்னு சொல்லிரலாமாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏல, பெத்தவளப் பட்டினி போட்டுக் கொல்லச் சொல்லுதியா?" என்று அண்ணன் வைத்த சத்தம் வராந்தா முழுவதும் கேட்டிருக்கும்.

அன்று என் மனைவி ஒன்று கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுதீங்க. அத்தைக்கு என்ன இஷ்டம்னு யாராவது என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?" நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி என்றாவது ஒரு நாள் வரும். அதனால்தான் நான் பட்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

குழாய் எதற்கு?

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாயை நம் ஆஸ்பத்திரிகளில் ரைல்ஸ் டியூப் என்பார்கள். பல வாரங்களுக்குத் தேவைப்பட்டால் வயிற்றிலேயே சிறு துளையிட்டுக் குழாய் வைக்கும் முறையும் உண்டு. இது 1980 வாக்கில் அமெரிக்காவில் வந்தது. முதலில் குழந்தைகளுக்காகத்தான் ஏற்பட்டது.

"குழாய் நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதில் பயனில்லை. "இவருக்கு இது எதற்கு?" என்றுதான் கேட்க வேண்டும். பக்கவாதம் வந்த பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் சக்தி திரும்பிவிடும். அதுவரை குழாய் ஒரு பாலம். அங்கே மறுப்பது தவறாகிவிடும். ஆனால் மறதி நோய் முற்றிய முதியவர்களுக்குக் குழாய் போட்டால் ஆயுள் கூடுவதாகவோ, நுரையீரலில் சளிக் காய்ச்சல் வராமல் தடுப்பதாகவோ ஆராய்ச்சிகள் காட்டவில்லை. எச்சிலும், இரைப்பையிலிருந்து மேலே வருவதும் குழாய் இருந்தாலும் மூச்சுக் குழலுக்குள் இறங்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு நிமிர்த்தி உட்கார வைத்து, பொறுமையாக, அவர் ஏற்கும் அளவுக்குக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் சொல்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். உயிர் பிரியும் நாட்களில் பசியும் தாகமும் தாமாகவே குறைந்துவிடும். சாப்பிடாததால் சாவு வருகிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் சாவு நெருங்குவதால்தான் சாப்பாடு நிற்கிறது.

பரேலில் கிடந்த அருணா

இந்தக் கேள்வியை நாடு முழுவதும் பேச வைத்த வழக்கு நம் மும்பையில்தான் நடந்தது. அருணா ஷான்பாக், கர்நாடகக் கடற்கரையில் ஹல்திபூரிலிருந்து நம்மைப் போலவே பிழைக்க வந்த பெண். பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். 1973 நவம்பர் 27 அன்று அங்கே துப்புரவு வேலை செய்த ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துத் தாக்கினான். மூளைக்குப் பிராணவாயு போகாமல் நின்றதால் அவர் பிறகு எழவே இல்லை. 2015 மே 18 அன்று இறக்கும்வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், அதே ஆஸ்பத்திரியில் நர்சுகள் அவரைத் தங்கள் சகோதரியாகப் பார்த்துக்கொண்டார்கள். பிசைந்த சோற்றை வாயில் ஊட்டியே வளர்த்தார்கள். 2010இல் மலேரியா வந்து சாப்பாடு குறைந்த பிறகுதான் மூக்குக் குழாய் போட நேர்ந்தது.

அருணாவின் கதையைப் புத்தகமாக எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, அவருக்கு ஆகாரம் கொடுப்பதை நிறுத்தி அமைதியாக இறக்க விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். நீதிமன்றம் மூன்று டாக்டர்களை அனுப்பிப் பரிசோதித்தது. அவர்களில் ஒருவர் நம் மாஹிம் இந்துஜா ஆஸ்பத்திரியின் நரம்பியல் நிபுணர். 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பு வந்தது. அருணாவுக்காகப் பேசும் உரிமை இத்தனை ஆண்டுகள் பராமரித்த கே.இ.எம். ஊழியர்களுக்கே உண்டு, அவர்கள் அவர் வாழ வேண்டும் என்கிறார்கள், ஆகவே மனு தள்ளுபடி என்றது நீதிமன்றம். ஆனால் மீள வழியில்லாத நோயாளிக்கு, உயர் நீதிமன்ற அனுமதியோடு, உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியையும் அதே தீர்ப்புதான் திறந்தது.

இரண்டு பக்கமும் இருந்தது அன்புதான். அருணாவின் சொந்த வார்த்தை மட்டும் இல்லை. 25 வயதுப் பெண் அதை எங்கே சொல்லி வைத்திருப்பாள்?

சட்டம் தரும் வழி

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று கூறி, முன்கூட்டியே விருப்பத்தை எழுதி வைப்பதை அனுமதித்தது. அதற்கான முறைகளை 2023 ஜனவரி 24 அன்று எளிமையாக்கியது. வயது வந்த, தெளிந்த மனமுள்ள எவரும் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெறலாம். தம் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்றும் எழுதலாம். மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். நேரம் வரும்போது இரண்டு டாக்டர் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது நடைமுறைக்கு வரும். எழுதி வைக்காதவர்களுக்கும் குடும்பத்தார் சம்மதத்தோடு அதே இரு குழுக்கள் முடிவு செய்ய வழி உண்டு.

இதைத் தென்மாவட்டங்களில் சில இடங்களில் நடந்த தலைக்கூத்தலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகடிப்பது கொலை. ஊசி போட்டு உயிரை எடுப்பதும் சட்டப்படி குற்றமே. பயன் தராத சிகிச்சையை நிறுத்துவது வேறு. அப்போதும் வலி நீக்குவது, வாயை ஈரமாக வைப்பது, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது எதுவும் நிற்காது.

அம்மா சொன்னது

அம்மாவுக்கு நாங்கள் குழாய் போடச் சம்மதித்தோம். "மூன்று வாரம் பார்ப்போம், அதன்பிறகு மறுபடி பேசுவோம்" என்று டாக்டர் நாள் குறித்துச் சொன்னதில் அண்ணனுக்கும் எனக்கும் நிம்மதி. குழாயைப் பிடுங்காமல் இருக்க வலது கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் முறை வைத்து நாங்களே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டோம். பதினேழாம் நாள் குழைந்த ரசம் சாதம் ஒரு கரண்டி இறங்கியது. குழாய் போயிற்று.

பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தபோது அம்மாவை நடுவில் உட்கார வைத்துக் கேட்டோம். கேட்க வாய் வராமல் நான் தடுமாற, அம்மாவே சொன்னார்கள்: "இந்தத் தடவ போட்டது சரி மக்கா, பொழச்சுக்கிட்டேன். இனிமே நெனவு தப்பிட்டா அந்தக் கயித்தச் சொருகாதீங்க. கையக் கட்டாதீங்க. வீட்டுல இருக்கேன்."

2019இல் இரண்டாம் முறை வந்தது. நினைவு திரும்பாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குடும்ப டாக்டர் தினமும் வந்து பார்த்தார். ஊர் வழக்கப்படி அண்ணன் பால் ஊற்ற டம்ளரோடு வந்தான். புரை ஏறும் என்று டாக்டர் சொல்ல, பஞ்சில் நனைத்து உதட்டில் மட்டும் தடவினான். ஆறாம் நாள் அம்மா போனார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் இருவரும் காதால் கேட்டிருந்தோம். அதனால் எங்களுக்குள் சண்டை வரவில்லை. அதற்குப் பிறகும் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

வீட்டில் கேட்டு வைக்க வேண்டியவை

1. நினைவு திரும்பாது என்று டாக்டர்கள் சொன்னால், குழாயும் மூச்சு மெஷினும் வேண்டுமா?
2. கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியிலா, இங்கே வீட்டிலா, ஊரிலா?
3. உங்கள் சார்பில் யார் பேச வேண்டும்? அது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்தக் குழாய் பாலமா? எத்தனை நாள் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம்?"

பெரியவர்களிடம் சாவைப் பற்றிக் கேட்பது அபசகுனம் என்று நாம் தள்ளிப் போடுகிறோம். எங்கள் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தது போலத்தான் பதில் சொன்னார்கள். அடுத்த விடுமுறைக்கு ஊர்ப் பயணம் போகும்போது, சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீங்களும் கேட்டுப் பாருங்கள்.