கணினிப் பாதுகாப்புப் பரீட்சைக்கு நேரம் வகுத்தல்

சிலாபம் தொடக்கம் கல்பிட்டி வரையுள்ள நமது கரையோரக் கிராமங்களில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் பலர் கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பற்றி விசாரிக்கின்றனர். கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணனோ கட்டாரில் இருக்கும் மாமாவோ, "செக்கியூரிட்டி பிளஸ் செய், வேலை கிடைக்கும்" என்று சொல்லியிருப்பார். உடனே வீட்டு நகை அடகுக்குப் போகிறது. பரீட்சைத் திகதி பதியப்படுகிறது. படிப்பு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

இந்த ஒழுங்கை மாற்ற வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம். கட்டணம் 400 அமெரிக்க டொலருக்கு மேல். நமது காசில் ஓர் இலட்சம் ரூபாவைத் தாண்டும். சித்தியடையாவிட்டால் அப்பணம் திரும்பாது. மறுமுறைக்கு மீண்டும் கட்ட வேண்டும். ஆகவே முதலில் மணித்தியாலங்களை எண்ணுவோம்.

பரீட்சையை நடத்துவது கொம்ப்டியா என்னும் அமெரிக்க அமைப்பு. 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 வினாக்கள். 100 முதல் 900 வரையான அளவில் 750 பெற வேண்டும். பெரும்பாலானவை பல்தேர்வு வினாக்கள். சில, திரையில் செய்து காட்ட வேண்டிய செய்முறை வினாக்கள். 2023 நவம்பரில் வெளியான 701ஆம் பாடத்திட்டத்தில் ஐந்து பகுதிகள் உண்டு: பொதுக் கருத்துகள் 12 வீதம், அச்சுறுத்தல்களும் பலவீனங்களும் 22, கட்டமைப்பு 18, அன்றாடப் பாதுகாப்புப் பணிகள் 28, நிர்வாகமும் மேற்பார்வையும் 20.

இந்த வீதங்களே நமக்கு அட்டவணை. 100 மணித்தியாலம் படிப்பதானால் ஒரு வீதத்துக்கு ஒரு மணித்தியாலம் எனப் பிரித்துக்கொள்ளலாம். பலர் முதலாம் பகுதியில் இனிமையாக ஒரு மாதம் செலவழித்துவிட்டு, அதிக புள்ளி தரும் நான்காம் பகுதியைக் கடைசி வாரத்தில் புரட்டுகின்றனர். நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஏழரை மணித்தியாலம். 16 வாரங்களில் 120. பாடத்துக்கு 100 போக, மீதி 20 மாதிரிப் பரீட்சைகளுக்கு. வலையமைப்பு பற்றி எதுவுமே தெரியாதவர் இதற்கு முன் ஆறு வாரமாவது அதற்கு ஒதுக்க வேண்டும். ஐ.பி. முகவரி என்னவென்று தெரியாமல் தீச்சுவர் விதியை எப்படி எழுதுவது?

இனி, அந்த ஒன்றரை மணித்தியாலம் எங்கே இருக்கிறது? கடலுக்குப் போகும் இளைஞனுக்கு, தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலமே வாய்ப்பானது. மே நடுவில் தொடங்கினால் செப்டெம்பரில் எழுதலாம். ஆனால் அதே காலத்தில்தான் தலவில் திருவிழாவும், உடப்புத் தீமிதிப்பும், முன்னேஸ்வரத் திருவிழாவும் வருகின்றன. அந்த நாட்களில் படிப்பேன் என்று எழுதி வைப்பது வீண். 16 வாரத்தை 18 ஆக்கி, இரண்டு வாரத்தை வெறுமையாக விடுங்கள்.

வீட்டில் இருக்கும் பெண்பிள்ளையின் நிலை வேறு. கடல் கொந்தளித்தாலும் அமைதியானாலும் அவளுக்குச் சமையலும், தம்பி தங்கையும், கருவாடு காயவைப்பதும் உண்டு. அட்டவணையில் மாலை 7 மணி என்று அவள் எழுதலாம். அந்நேரம் அடுப்பை யார் பார்ப்பது என்பதைத் தாயும் தகப்பனும் சகோதரர்களும் கூடிப் பேசி முடிவுசெய்யாவிட்டால் அது வெறும் கடதாசி. பணம் கட்டும் பெற்றோர் இந்த நேரத்தையும் கட்டணத்தின் ஒரு பங்காக எண்ண வேண்டும்.

இந்தப் பரீட்சை தமிழிலோ சிங்களத்திலோ நடைபெறுவதில்லை. தமிழ்மொழி மூலம் படித்தவர் நாளுக்குப் பதினைந்து நிமிடம் ஆங்கிலச் சொற்களுக்கும் சுருக்கப்பெயர்களுக்கும் கொடுக்க வேண்டும். பாடத்திட்டத்தின் இறுதியில் பல பக்க நீளத்துக்குச் சுருக்கப்பெயர்ப் பட்டியல் இருக்கிறது. நாளுக்கு ஐந்து போதும். பாடத்திட்டம் கொம்ப்டியாவின் இணையத்தளத்தில் இலவசம். யூரியூபில் புரொபெசர் மெசரின் பாடங்களும் இலவசம். பழைய புத்தகக் கடையில் 601 என்று போட்டதை வாங்காதீர்கள்: அந்தப் பரீட்சை 2024 ஜூலையோடு முடிந்துவிட்டது. பாடத்திட்டம் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுவதால், ஆறப்போட்டுப் படிப்பவர் தொடங்கும்போதே எந்தத் திட்டம் நடைமுறையில் உள்ளது எனப் பார்க்க வேண்டும்.

படித்தது மறந்துபோவதை ஜேர்மனியரான எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து காட்டினார். இன்று படித்ததை மறுநாள், பின் மூன்றாம் நாள், பின் ஒரு வாரம் கழித்து என்று சில நிமிடம் திரும்பப் பாருங்கள். நம் நாட்டு நிகழ்வோடு இணைத்தால் இன்னும் நன்றாக நிற்கும். 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க மேகக்கணினிச் சேவை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. இணைப்பில் இருந்த காப்புப்பிரதியும் பூட்டப்பட்டது. அக்காலத்துக்குரிய வேறு பிரதி தனியாக இருக்கவில்லை. பழைய மென்பொருள், காப்புப்பிரதி, மீட்புத் திட்டம் ஆகிய மூன்று பாடங்கள் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கும். ஐந்தாம் பகுதியைப் படிக்கும்போது, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கான நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரீட்சையில் அது வராது. ஆனால் நேர்முகத்தில் கேட்கக்கூடும்.

12ஆம் வாரத்திலிருந்து வாரம் ஒரு மாதிரிப் பரீட்சை, மணிக்கூட்டை வைத்து எழுதுங்கள். செய்முறை வினாக்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வரும். அவற்றில் சிக்கி இருபது நிமிடம் இழப்பவர் உண்டு. குறியிட்டுவிட்டுக் கடைசியில் திரும்பி வரலாம். முன்பு பாராத வினாத்தாள்கள் மூன்றில் தொடர்ச்சியாக 85 வீதமளவு வந்த பின்பே பணம் கட்டுங்கள். இது என் கணக்கு, கொம்ப்டியாவினுடையது அல்ல.

வீட்டிலிருந்து இணையவழியிலும் எழுதலாம். எனினும் தனி அறையும், அறாத இணைப்பும், நிற்காத மின்சாரமும் வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருளானபோது நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்று, அடுத்த நாட்களில் நேரம் குறித்து மின்வெட்டு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முதல் நாளே கொழும்புக்குப் போய், உறவினர் வீட்டில் தங்கி, பரீட்சை நிலையத்தில் எழுதுவதே நல்லது. பஸ் செலவையும் திட்டத்தில் சேருங்கள்.

அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு ஐ.எஸ்.சி.2 அமைப்பின் ஆரம்ப நிலைச் சான்றிதழ் ஒன்று உண்டு. 2022இல் அது பத்து இலட்சம் பேருக்குப் பயிற்சியையும் பரீட்சையையும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. சித்தியடைந்தபின் ஆண்டுக்கு 50 டொலர் பராமரிப்புக் கட்டணம் உண்டு என்பதைப் பலர் பின்னரே அறிகின்றனர். பதியுமுன் இன்றைய நிபந்தனைகளை அவர்களுடைய தளத்தில் வாசித்து, அந்த 50 டொலரையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.